இரண்டாவது துடிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தோம். இரட்டைக்கு நஞ்சுக்கொடி ஒன்றே என்பதால், ஒரு பிள்ளைக்கு ரத்தம் கூடி மற்றதற்குக் குறையலாமாம். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நர்ஸ் அக்கா என் வயிற்றில் இதயத் துடிப்பு கேட்கும் பட்டையைக் கட்டியதும் ஒரு துடிப்பு உடனே கேட்டது. இன்னொன்று கால் மணி நேரமாகியும் கிடைக்கவில்லை. அப்போது நான் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

டாக்டரம்மா வந்து ஸ்கேன் செய்து பார்த்துச் சிரித்தார். "பெரிசு முதுகுக்குப் பின்னாடி சின்னது ஒளிஞ்சிட்டிருக்கும்மா. நல்லாத்தான் துடிக்குது, எடையும் ஏறியிருக்கு."

உடனே உன் மாப்பிள்ளை, "ரெண்டுதானே டாக்டர்? வேற யாரும் ஒளியலையே?" என்றார். நர்ஸ் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

நாளையிலிருந்து ஆபீசுக்கு விடுப்பு. பகலெல்லாம் வீட்டில் நான் மட்டும்தான். நைட்டி ஒன்றும் பத்தவில்லை. தொளதொளவென்று இரண்டு தைத்து வை. தபாலில் போடாதே, தொலைந்துவிடும். நீயே எடுத்து வந்துவிடு. பிரசவ சமயத்தில்தான் வர வேண்டும் என்றில்லை, இந்த மாதமே வந்தாலும் சரி.

பயமெல்லாம் இல்லை அம்மா, சும்மாதான் சொல்கிறேன். தபால் பெட்டியில் கடிதம் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் மகள்