நிழல் இன்னும் சாயவில்லை

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். நானும் பிள்ளையும் நலம். போனில் பேசினால் மாமிக்குக் கேட்டுவிடும் என்று எழுதி, ரியாத்துக்கு வரும் நம் ஊர்க்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று மாதமாக நான் தையல் கடைக்குப் போகவில்லை. ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். கோபப்படாதீர்கள், இப்போது போவதில்லை.

அங்கே போன், வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் வெளியே ஒரு குச்சி நட்டிருந்தேன். உச்சிவேளையில் அதன் நிழல் நேர் வடக்கே விழும். கிழக்கே சாயத் தொடங்கினால் லுஹர் தொழுகைக்கு நேரம். வடக்குத் தெரிந்தால் தொழ நிற்க வேண்டிய கிப்லா திசையும் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை என்னோடு மருந்து அடைக்கும் சொர்ணலட்சுமி அக்கா, "நேரமாயிருக்கும்லா, போயி நெழலைப் பாரு. ஒன் வேலையையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போனேன். நிழல் இன்னும் சாயவில்லை. திரும்பி உள்ளே போயிருக்கலாம். சாயட்டும் என்று அங்கேயே நின்றேன். அப்போதுதான் எங்கள் அறை வெடித்தது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நேற்று மதுரை ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். இரண்டு கைகளிலும் கட்டு. "அன்னைக்குத் தொளுது முடிச்சிட்டியா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

வீட்டில் கடிகாரம் இருக்கிறது, பாங்கும் கேட்கிறது. ஆனாலும் லுஹர் வேளை வந்தால் பாயை விரித்துவிட்டு அப்படியே நிற்கிறேன். கையை உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்க முடியவில்லை. லீவு கிடைத்தால் வாருங்கள், மச்சான். நீங்கள் முன்னால் நின்றால், நான் பின்னால் நின்று தொழுதுவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்