டோக்கன் பலகையும் பதினேழாம் நம்பரும்

வைகாசி 9, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். டோக்கன் பலகைக்குப் புளி போட்டுத் தேய்த்தேன். நாற்பத்திரண்டு பித்தளை டோக்கன், ஆளுக்கு ஒன்று. இடப்பக்க ஆணி வெளியே, வலப்பக்க ஆணி உள்ளே. ஆள் கேட்டுக்குள் நுழைந்தால் டோக்கன் இடமிருந்து வலம் போகணும். பட்டுநூல் முறுக்குகிற ஷெட்டில் கேட் கிளார்க்குக்கு வேறு என்ன வேலை.

வாங்க: பூட்டுக்கு எண்ணெய், பென்சில், சரோஜாவுக்குத் தலைவலித் தைலம்.

17 இன்று ஆறு நிமிஷம் லேட். சிவப்பு மை போட்டேன். 17 வேறு யாருமில்லை, என் பெண்டாட்டி சரோஜா. நூல் சுற்றும் பிரிவு. எனக்கு இட்லி அவித்து, கேரியர் கட்டிக் கொடுத்ததில்தான் லேட். தெரியும். ஆனாலும் பின்னால் வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கினு நிற்கிறார்கள். விட்டால் நாளைக்கு எவன் மதிப்பான்?

"நெஜமாவே போடுறீங்களா?" என்றாள்.

போட்டேன்.

அவள் பக்கத்து ராட்டை எஸ்தர், வாயாடி. "அண்ணா, சாயங்காலம் வூட்டுல சோறு கெடைக்குமா?" வரிசையே சிரித்தது. சரோஜா சிரிக்கலை.

சோறு கிடைத்தது. பேச்சு கிடைக்கலை.

வைகாசி 10, புதன்

மௌன விரதம், இரண்டாம் நாள். தட்டை டங்கென்று வைக்கிறாள், அவ்வளவுதான் சம்பாஷணை. குழம்பில் உப்பு மட்டும் சரியாக இருந்தது. கோபத்திலும் அவளுக்குக் கை தப்பாது, ராட்சசி.

நாளை கருட சேவை. வரதர் எங்கள் ஷெட் ரோடு வழியாகத்தான் வருவார். அந்த அரை மணிக்கு மட்டும் கேட் அகலத் திறந்து கிடக்கும். எல்லாரும் போட்டது போட்டபடி ஓடுவார்கள். டோக்கனை யாரும் மாற்றுவதில்லை. சாமிக்கு முன்னால் டோக்கனாவது ஒன்றாவது. ஆள் வெளியேறியதும் ஷெட் கதவை நான் பூட்டணும், மேனேஜர் உத்தரவு. உள்ளே பட்டு இருக்கிறது, கூட்டத்தோடு கூட்டமாக எவனாவது புகுந்துவிடுவான்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு சேவிக்கலாமா?" என்று கேட்டேன். முறத்தைத் தட்டினாள். சரியென்று அர்த்தமா, போடான்னு அர்த்தமா?

வைகாசி 11, வியாழன்

நடந்ததை எழுதிடணும்.

ஒன்பது மணிக்கு மேளம் கேட்டது. "வந்துட்டாரு, வந்துட்டாரு!" ஒரே ஓட்டம். கடைசியாக எஸ்தர் ஓடினாள், கூட்டம் பார்க்கவும் நீர்மோருக்கும் வருஷா வருஷம் அவள் தவறமாட்டாள். கதவைச் சாத்தினேன். பூட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்கலை. சாவி இடுப்பில்.

கருடன் மேல் வரதர். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கினு இருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் கருகின வாசனை. ஷெட்டை ஒட்டின சாயச் சாய்ப்பில் அடுப்பை அணைக்காமல் ஓடியிருக்கிறான் சாயக்காரன். கொடியில் காய்ந்த நூல் பிடித்துக்கொண்டு, ஷெட் கூரை வரைக்கும் புகை.

உள்ளே யார்? பலகையைப் பார்த்தேன். நாற்பத்திரண்டும் உள்ளே. ரோட்டைப் பார்த்தேன். எல்லாம் வெளியே. பொய் சொல்லுகிற பலகையைத்தான் இத்தனை நாள் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

எஸ்தர் கூட்டத்தைப் பிளந்துக்கினு வந்தாள். "அண்ணா! சரோஜாக்கா வெளிய வரலண்ணா! அந்த ஆளு மூஞ்சிய பாக்க நான் வரலன்னு சொல்லிட்டு ராட்டையாண்டயே ஒக்காந்துக்கினு இருந்துச்சு!"

சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்கிறது. பூட்டு சரியாகத்தான் இருந்தது, என் கைதான்.

கதவு ஓரமாகவே கிடந்தாள். முந்தானையை நனைத்து வாயில் வைத்துக்கினு. தட்டித் தட்டி உள்ளங்கை இரண்டும் சிவந்து. தூக்கினேனா இழுத்தேனா தெரியாது. வெளியே வந்துட்டோம்.

சாயத் தொட்டித் தண்ணீரையே வாளி வாளியாக அடித்து அணைத்தார்கள். பாதி ஊர் வேட்டி அரக்கு, பாதி பச்சை.

டாக்டர்: இருமல் இரண்டு நாள் இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை.

வைகாசி 12, வெள்ளி

லீவு. நான்தான் கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்தது. குடித்தாள். மூன்று நாளைக்கு அப்புறம் வாய் திறந்தாள்.

"நீங்க பூட்டுன சத்தம் கேட்டுச்சு."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உங்க செருமல்கூட கேட்டுச்சு. ஒரு கொரல் குடுத்திருந்தா தெறந்திருப்பீங்க."

"ஏன் குடுக்கல?"

"கோவம். கொஞ்சம் தேடட்டும்னு இருந்தேன். அப்புறம் பொக வந்தப்ப கத்துனேன். அந்த மேளத்துல யாருக்குக் கேக்கும்?"

அழுதேன். முப்பத்தெட்டு வயசுக் கழுதை, கஞ்சிச் சட்டியைப் பிடித்துக்கினு அழுதேன். உள்ளே யாராவது இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூட்டியிருக்கலாம். கேட்கலை. தப்பு என்னுதுதான் என்று சொன்னேன். "லேட்டு மார்க்கும் தப்புதான்" என்றாள். அதையும் ஒப்புக்கொண்டேன்.

வைகாசி 13, சனி

மேனேஜரிடம் போய், பூட்டினது நான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பூட்டச் சொன்னது நான்தானேய்யா" என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அது சரி, நீ உள்ள போனியே, நீயும் வெளிய வரலன்னா யாருக்குத் தெரியும்? உனக்கு டோக்கன் ஏது?"

நிஜம்தான். நாற்பத்திரண்டு பேரை எண்ணினவன் தன்னை எண்ணலை.

புது ஏற்பாடு:
– சாமி வந்தாலும் சரி, ஆசாமி வந்தாலும் சரி, வெளியே போகிறவர் டோக்கனைக் கையில் எடுத்துக்கினு ஓடணும். பலகையில் மிச்சம் இருப்பவர் உள்ளே.
– பூட்டுமுன் எல்லா ரூமிலும் போய்க் கத்திப் பார்க்கணும்.
– எதிர் புங்கமரத்தடியில் பேர் கூப்பிட்டுச் சரிபார்க்கணும்.
– கேட் கிளார்க்குக்கு டோக்கன் 43.

பேர் கூப்பிட யார்? "சரோஜாக்கா தொண்டை வாலாஜாபாத் வரைக்கும் கேக்குமே" என்றாள் எஸ்தர். முடிவாயிற்று.

வைகாசி 16, செவ்வாய்

மேகமூட்டம். முதல் ஒத்திகை. மணி அடித்ததும் எல்லாரும் டோக்கனைப் பிடுங்கிக்கினு ஓடினார்கள், சாயக்காரன் அடுப்பை அணைத்துவிட்டு. நான் ரூம் ரூமாகக் கத்திவிட்டுக் கடைசியாக வந்து புங்கமரத்தடியில் நின்றேன். சரோஜா, இன்னும் லேசான இருமலோடு, நோட்டைப் பிடித்துக்கினு ஒவ்வொரு பேராக. ஆள் "இருக்கேன்" என்று டோக்கனைத் தூக்கிக் காட்டணும். நாற்பத்திரண்டும் சரி.

நாற்பத்து மூன்றில் நின்றுவிட்டாள்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவளைச் சொல்லச் சொல்லுவாள். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"நம்பரச் சொல்லுக்கா, போதும்," என்றாள் எஸ்தர்.

"சும்மா இருடி. நம்பருக்குக் காது இருக்குதா?"

தலை குனிந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நிமிர்ந்தாள்.

"ஏகாம்பரம்!"

ரோட்டில் போன சைக்கிள்காரன் இறங்கிவிட்டான்.

இருக்கேன் என்று சொல்லணும். டோக்கனை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

"வாயால சொல்லுங்க," என்றாள்.