ஐந்து மில்லிமீட்டர் அதிகம்

பிப். 3, செவ்வாய்

காலையில் லேசான குளிர். பத்து மணிக்கெல்லாம் வெயில். சயானிலிருந்து செம்பூர் காலேஜ் வரை பஸ்ஸில் நின்றபடியே. பையில் இரண்டு அலுமினியத் தகடு, நேற்று தாராவியில் காதர் அண்ணன் பட்டறையில் வெட்டி வாங்கியது. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவள், "க்யா லேகே கூம்தீ ஹை!" என்று முறைத்தாள், எதையெல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிறாளோ என்று. ஸாரி சொன்னேன்.

ரோபோ போட்டிக்குப் பதினோரு நாள். இன்றைய வேலை:
– தூக்கும் கை ஆடுவதை நிறுத்த வேண்டும்
– பிடியில் புது ரப்பர்
– எடை (12 கிலோவுக்கு மேல் போனால் சேர்க்க மாட்டார்கள்)
– வீட்டுக்குக் கொத்தமல்லி, பச்சை மிளகாய்

ரோபோ செய்ய வேண்டியதைச் சொன்னால் எளிதாகத்தான் இருக்கிறது. தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் வளையங்களை எடுத்து மூன்று கம்பங்களில் மாட்ட வேண்டும். உயரமான கம்பத்துக்குப் புள்ளி அதிகம். அந்த உயரத்துக்கு வளையத்தைக் கொண்டுபோகும் கை நான் வரைந்தது. நான்கு மாத உழைப்பு. வயரிங்கும் ஓட்டுவதும் ஓம்கார். விக்ரோலிக்காரன். ரோபோவுக்கு 'டப்பா' என்று பெயர் வைத்ததும் அவன்தான். ப்ரோக்ராம் எழுதுவது காயத்ரி, மாட்டுங்காவிலிருந்து வருகிறாள். எங்கள் அணி இவ்வளவுதான்.

ஆறு மணிக்கு இருவரும் கிளம்பிவிட்டார்கள். கை இன்னும் ஆடியது. பக்கத் தகட்டை இறுக்கினேன். சரியான நீளத்தில் போல்ட் இல்லை. பெட்டியில் கிடந்த வேறு ஒன்றைப் போட்டேன். ஆட்டம் நின்றது! ஓடிப்போய் பஸ் பிடித்தேன். கொத்தமல்லி மறந்துவிட்டது.

பிப். 4, புதன்

மோட்டார் போய்விட்டது.

பதினொரு மணிக்கு ஓம்கார் ரிமோட்டை எடுத்தான். கை ஒரு சாண் ஏறியது, நின்றது. ர்ர்ர் என்று ஒரு சத்தம். பாரம் என்று நினைத்து அவன் லிவரை விடாமல் பிடித்திருந்தான். காயத்ரிதான் முதலில் கத்தினாள்: "ஏதோ கருகறதுடி!" அதற்குள் புகை. ஓம்கார் பாட்டரி வயரைப் பிடுங்கினான். விரலில் சூடு.

லேபைப் பார்த்துக்கொள்ளும் சார் வந்தார். குனிந்து பார்த்தார். கை மோட்டாருக்குப் போகும் வயரில் தனி ஃப்யூஸ் இல்லை. "ஏன் போடவில்லை?"

"போடணும்னு இருந்தேன் சார்..."

"டிசம்பரில் ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததும் நீதானே?"

ஓம்கார் தலையைக் குனிந்துகொண்டான். சார் அங்கேயே சொல்லிவிட்டார்: இனி வயரில் அவன் கை வைக்கக் கூடாது, அரங்கத்திலும் நிற்க வேண்டாம். ஓட்டுவது வடிவு.

நானா என்று கேட்டேன். உள்ளுக்குள் ஒரு துள்ளல். இல்லையென்று எழுதினால் அது பொய்.

பிப். 5, வியாழன்

எட்டரைக்கே லேபுக்குப் போனேன், கருகிய மோட்டாரைக் கழற்ற. வேறு யாரும் இல்லை.

பக்கத் தகட்டைத் திறந்ததும் தெரிந்தது. நான் போட்ட போல்ட் ஐந்து மி.மீ. நீளம் அதிகம். கை ஒரு சாண் ஏறியதும் அதன் முனை உள்சட்டத்தில் போய் முட்டுகிறது. சட்டத்தில் பளபளவென்று புதுக் கீறல். கை நகர முடியாமல்தான் மோட்டார் கருகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கையால் ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

போல்ட்டைக் கழற்றி பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்பதரைக்குக் காயத்ரி வந்தாள். "என்னடி, ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல. மோட்டார் போச்சு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டேன், அவ்வளவு சுலபமாக.

ஃப்யூஸ் இருந்திருந்தால் மோட்டார் தப்பியிருக்கும். அது நிஜம். அந்தப் பாதி அவனுடையது, இந்தப் பாதி என்னுடையது. அவனுடைய பாதி மட்டும் எல்லாருக்கும் தெரியும். இந்த நோட்டில் எழுதலாம், ஓம்காருக்குத் தமிழ் தெரியாது. காயத்ரிக்குப் பேச வரும், படிக்க வராது.

பிப். 6, வெள்ளி

நானும் காயத்ரியும் லாமிங்டன் ரோடு. ஏழு கடை. அதே மோட்டார் எங்கும் இல்லை. வரவழைக்கப் பத்து நாள் என்கிறார்கள். போட்டிக்கு எட்டு நாள். கடைசியில் அதைவிடச் சின்னது ஒன்று. இருக்கிற கையை அது தூக்காது.

திரும்பி வரும்போது ட்ரெயினில் காயத்ரி: "உயரக் கம்பத்த விட்டுடலாமேடி. கையச் சின்னதாப் பண்ணு. நடுக் கம்பம் போறும்."

"முடியாது."

"ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கறே?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓம்கார் ஆத்துல இன்னும் சொல்லலையாம். அவா அப்பா அம்மா எல்லாரும் போட்டிக்கு வரதா இருந்தாளாம். பாவம், என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கறான்."

குர்லா வரை நான் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப். 7, சனி

புழுக்கம். காலையில் காதர் அண்ணன் பட்டறை. தகட்டில் இருபத்திரண்டு ஓட்டை போட வேண்டும், எடை குறைய. என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டிக் குடுத்து ஒரு வாரம் ஆவல. அதுக்குள்ள சல்லடை ஆக்கணும்ங்குற. மொதல்லயே யோசிக்க மாட்டீங்களா?"

"தப்பாயிட்டுண்ணே."

"ஆரு தப்பு?"

கேட்டுவிட்டு அவரே டிரில்லைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் பதில் எதிர்பார்க்க முடியாது.

லேபில் ஓட்டிப் பழகினேன். கம்பத்தில் மூன்று தடவை இடி. நாலாவது தடவை வளையம் பறந்துபோய் அலமாரிக்கு அடியில். நிமிர்ந்தால் வாசலில் ஓம்கார். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"லிவரை அப்படி இழுக்காதே," என்றான் ஹிந்தியில். "மெதுவா விடு. கை நிற்கிற வரைக்கும் வண்டியைத் திருப்பாதே."

அப்படியே செய்தேன். வளையம் நடுக் கம்பத்தில் விழுந்தது. "ஹாங், பஸ்" (ஆமாம், அவ்வளவுதான்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உள்ளே வரவில்லை.

என் மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை.

பிப். 8, ஞாயிறு

வீடு. தண்ணீர் ஆறு மணிக்கே வந்துவிட்டது. துணி துவைத்தேன். அக்கா டியூட்டிக்குப் போய்விட்டாள்.

ஓட்டை போட்ட பிறகும் சின்ன மோட்டார் திணறுகிறது. பாதி உயரம் போகிறது, பிறகு இறங்குகிறது. காகிதத்தில் எட்டுக் கணக்கு, எட்டும் சரியாக வரவில்லை.

அம்மா ஸ்கூல் பைகளுக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் வைக்கும் பக்கத்துப் பாக்கெட்டுக்கு. தைத்ததும் ஒவ்வொன்றையும் இழுத்து விட்டுப் பார்க்கிறாள். இழுக்கிறாள், அது திரும்பி ஓடுகிறது. நாற்பது பை வரை பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். பிறகுதான் உறைத்தது. கையைத் தூக்குவதை மோட்டார் தனியாக ஏன் செய்ய வேண்டும்? கை கீழே இருக்கும்போது எலாஸ்டிக் இழுபட்டு நிற்கட்டும். ஏறும்போது பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். மோட்டாருக்கு மிச்சம்தான்.

"அம்மா, இதுல கொஞ்சம் தருவியா?"

"ரோல்ல கடைசி கெடக்கு, எடுத்துக்க. எதுக்குட்டி?"

"டப்பாவுக்கு."

"பொம்மைக்கு நாடா கட்டப் போறியாக்கும்." சிரித்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னட்டி, ரெண்டு மூணு நாளா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சோத்த ஏன் மிச்சம் வைக்குத?"

நல்லவேளை, கீழ்வீட்டு மாமி கூப்பிட்டாள்.

பிப். 9, திங்கள்

வேலை செய்கிறது!! இரண்டு பக்கமும் மும்மூன்று எலாஸ்டிக். முதலில் நாலு கட்டினேன், மோட்டார் இல்லாமலேயே கை எழுந்து நின்றுவிட்டது. காயத்ரி விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றில் சரி. உயரக் கம்பத்துக்கு ஆறு நொடி. முன்பு ஒன்பது. பழைய மோட்டாரைவிட நன்றாக இருக்கிறது. எடை 11.4 கி.

சார் மற்ற அணிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "ஒருவர் கெடுத்ததை இன்னொருவர் சரிசெய்தார், பாருங்கள்." எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஓம்காரும் தட்டினான்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் சும்மா இருந்தேன் என்றால் இன்று இன்னும் மோசம். இன்று பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

நாளைக்குச் சொல்லப் போகிறேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

பிப். 10, செவ்வாய்

சொன்னேன்.

லேப் படிக்கட்டில், பத்து மணி வாக்கில். ஓம்கார் வடாபாவ் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்று முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. போல்ட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"இது என்ன?"

"கையில் நான் போட்டது. நீளம் அதிகம். சட்டத்தில் முட்டித்தான் மோட்டார் போச்சு. உன்னால் இல்லை."

திருப்பிப் பார்த்தான். "எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

விரலை மடக்கி எண்ணினான். நிஜமாகவே எண்ணினான். "அஞ்சு நாள். வியாழனிலிருந்து நான் தினமும் அந்த வயரிங் படத்தை எடுத்துவைத்து எங்கே தப்பு, எங்கே தப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை உனக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்தேன். அப்பகூட நீ சொல்லலை."

"சொல்லலை."

"ஏன்?"

"பயம். அப்புறம்... ஓட்ட ஆசையாக இருந்தது."

எழுந்தான். வடாபாவைப் பாதியிலேயே காகிதத்தில் சுற்றினான். "மோட்டார் போனா வாங்கலாம், வடிவ்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சாரிடம் நானே போனேன். காயத்ரியும் அங்கே இருந்தாள். சார் முழுவதையும் கேட்டார். பிறகு: "ஓம்கார் ஓட்டட்டும். கூட யார் நிற்பது என்று அவனே சொல்லட்டும்." அரங்கத்துக்குள் இரண்டு பேர்தான் போகலாம்.

ஓம்கார் காயத்ரி பெயரைச் சொன்னான்.

சரிதான். வலித்தது. ஆனால் ராத்திரி இரண்டு தட்டு சோறு தின்றேன்.

பிப். 11, புதன்

ஓம்கார் என்னிடம் பேசவில்லை. வேலை நடக்கிறது. கை மோட்டாருக்கு ஃப்யூஸ் போட்டான், கூடவே மற்ற எல்லாவற்றுக்கும் போட்டான். எலாஸ்டிக் மாட்டும் கொக்கியின் அளவு வேண்டும் என்றால் காயத்ரியிடம் கேட்கிறான், காயத்ரி என்னிடம் கேட்கிறாள். நான் அவன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை காயத்ரி, "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று எழுந்து போய்விட்டாள்.

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "கித்னா எம்எம்?" என்றான்.

"எட்டு."

அவ்வளவுதான் இன்றைக்கு.

வெளியே வரும்போது காயத்ரி: "எனக்கும் கோவம் இருக்கு, தெரிஞ்சுக்கோ. ஒண்ணுமில்லேன்னு என் மூஞ்சியப் பார்த்துதானே சொன்னே? நாளைக்கே சரியாயிடும்னு நெனைக்காதே." சொல்லிவிட்டு அவள் டிபனில் மிச்சமிருந்த உருளைக்கிழங்கை என்னிடம் நீட்டினாள்.

பிப். 13, வெள்ளி

கடைசி நாள். எல்லா போல்ட்டையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். கையை மோட்டார் இல்லாமல் இருபது தடவை தூக்கி இறக்கினேன். பத்துச் சுற்று ஓட்டிப் பார்த்ததில் ஒன்பது சரி.

நாளைக்கு எடுத்துப்போக: எலாஸ்டிக் மிச்சம், கோணி ஊசி, தடித்த நூல், ரப்பர், ஸ்பேனர் செட், இரண்டு பாட்டரி, ஃப்யூஸ் ஒரு பாக்கெட், தண்ணீர், தலைவலி மாத்திரை (காயத்ரிக்கு).

பிப். 14, சனி

நவி மும்பையில் ஒரு காலேஜ். காலை ஆறரைக்கு டெம்போ. கிரீக் பாலத்தில் நல்ல காற்று. முப்பதுக்கு மேல் அணிகள். சிலருடையதைப் பார்த்தாலே கடையில் வாங்கியது போலப் பளபளப்பு. எங்கள் டப்பா சல்லடை மாதிரி.

எடை போட்டார்கள். 11.6. சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் சுற்று: எலாஸ்டிக் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. தோல்வி. நாலு சுற்றுக்கும் சேர்த்துத்தான் காலிறுதி, அடுத்த சுற்றுக்கு இருபது நிமிடம். ஓம்கார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே ஓடிவந்தான், நேராக என்னிடம். "க்யா கரேங்கே?" என்ன செய்வது என்று கேட்கிறான். நான் ஏற்கெனவே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பை வாரில் அம்மா போடுகிற மாதிரி சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு. கொக்கிப் பக்கத்து ஆறு முனைக்கும். விரலில் இரண்டு குத்து. அவன் டப்பாவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான், காயத்ரி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, எல்லாம் வெற்றி. நாலாவதில் உயரக் கம்பத்தில் மூன்று வளையம். ஓம்காரின் அம்மா சீட்டில் ஏறி நின்று விசில் அடித்தார்.

காலிறுதி. கடைசி வளையம், கடைசிப் பத்து நொடி. கை ஏறி முடிப்பதற்குள் ஓம்கார் வண்டியைத் திருப்பிவிட்டான். வளையம் கம்பத்தின் உச்சியில் பட்டுச் சுழன்று வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் வெளியே.

காயத்ரி கையிலிருந்த நோட்டைக் கீழே போட்டாள். சார் வாயைத் திறப்பதற்குள் ஓம்கார், "என் தப்பு. அவசரப்பட்டுத் திருப்பிட்டேன். கை சரியாத்தான் இருந்தது," என்றான். ரிமோட்டைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தோற்றதற்காக இல்லை.

சார் தோளைத் தட்டினார். சான்றிதழ், வெஜ் பிரியாணிப் பொட்டலம், போட்டோ. ஐந்து மணிக்கு டெம்போவில் ஏற்றினோம். முன்னால் சாரும் டிரைவரும். பின்னால் டப்பாவை நடுவில் வைத்து எதிரெதிராக உட்கார வேண்டும். காயத்ரி ஒரு பக்கம் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். இன்னொரு பக்கம் ஓம்கார், தன் பையை மடியில் எடுத்துக்கொண்டான்.

"நிக்கப் போறியா செம்பூர் வரைக்கும்?" என்றான்.

உட்கார்ந்தேன்.