சீமைக் கிடாயின் நன்மை தீமை

கனகராயன்குளம்,
10.02.1959

கொழும்பில் இருக்கும் அத்தானுக்கு,

பண்ணை தொடங்குவதற்காக நீங்கள் அனுப்பிய சீமைச் செம்மறிக் கிடாயின் நன்மை தீமைகளை விவரமாகக் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

நாட்டு ஆட்டைவிட இரண்டு மடங்கு இறைச்சி இருக்கும். கண்டதையும் தின்கிறது, ஆளை முட்டாது. நன்மை அவ்வளவுதான்.

மாரிச் சேற்றில் நின்று குளம்பு அழுகிவிட்டது. அதைவிடக் கொடுமை, அதற்குச் சினைப்பட்ட நம் ஆடுகள் குட்டி போட முடியாமல் சாகின்றன. மூன்று போய்விட்டன. "குட்டியின்ரை தலை பெரிசு. இந்தச் சின்ன உடம்பு தாங்குமே?" என்றார் மருத்துவிச்சி பொன்னுக்கா. அடுத்த கிழமை என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். நான் தாங்கிவிட்டேன்.

பெண் பிள்ளை என்று அண்ணன் அடித்த தந்தி கிடைத்திருக்கும். உங்கள் கடிதத்தில் கிடாயின் சுகத்தை மூன்று இடத்தில் விசாரித்திருந்தீர்கள். வேறு ஒருவரையும் விசாரிக்கவில்லை.

கிடாய் வந்த கிழமையே அதற்கு 'மன்னன்' என்று பெயர் எழுதி அனுப்பினீர்கள். நேற்று முப்பத்தோராம் நாள், பிள்ளை பெற்ற துடக்குக் கழித்தோம். தகப்பன் எழுதி அனுப்பும் பெயரை வைக்கலாம் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மன்னன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நொண்டிக்கொண்டாவது ஓடி வருகிறது. மகளை இன்னும் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆடுகளைப் பார்ப்பவள்