மதினிக்கு வைத்த படையலில் வலி மாத்திரை

என் பிரியமுள்ள மதினிக்கு,

இருக்கன்குடி மாரியாத்தா உங்களை நோவில்லாமல் வைத்திருப்பாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

நேற்று உங்களுக்கு முதல் வருசத் திவசம். காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய், டீ என்று பிடித்ததையெல்லாம் வைத்தோம். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டை வலி மாத்திரையை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"இது இல்லாம அவளுக்கு ஒரு நாள் ஓடாதே தாயி. இருக்கட்டும்."

உங்களைக் கொண்டுபோனதே அதுதானே மதினி? பட்டாசு ஆலையில் சரம் பின்னக் குனிந்து உட்கார்ந்த இடுப்புக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் திரும்பி வரும் ஆலை வேனில் ஒன்று. கக்கூஸுக்கு எழுந்தால் கூலி குறையும் என்று தண்ணீரும் குடிக்கமாட்டீர்கள். கால் வீங்கியபோது, "உக்காந்தே கெடக்கேன்ல, அதான்" என்றீர்கள்.

"தினமும் இந்த மாத்திரை போட்டா கிட்னிக்குப் போற ரத்தம் குறையும்மா. தண்ணியும் குடிக்கலைன்னா அது எப்படித் தாங்கும்?" என்று டாக்டர் கேட்டபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. கெடும்போது அது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பூசை முடிந்து இலையை எடுக்கப் போனால் அட்டையில் ஒன்று குறைகிறது. உங்கள் இடத்தில் இப்போது சரம் பின்னப் போகிற உங்கள் மகள் செல்வி டீயோடு விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இடுப்பு கழண்டுருச்சு அத்தை. பிரசாதம்னு நெனச்சுக்கோங்க."

"ஏட்டி, உங்கம்மாவைத் தின்னது பிரசாதமா?"

"அம்மாவுக்கு நெஞ்சுவலின்னுதானே ஊருக்கே சொல்லியிருக்கீக? வேன்ல எல்லாருந்தான் போடுறாக. அம்புட்டுப் பேருமா செத்துட்டாக?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கிட்னி என்றால் குடும்ப வியாதி என்பார்கள், மகளுக்கு வரன் அமையாது என்று நெஞ்சுவலிக் கதையைக் கட்டியவர் அவர்தான்.

இன்று வேனை விட்டுவிட்டு அவளை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனேன். கிட்னி கழிக்க வேண்டிய உப்பு ரத்தத்தில் கொஞ்சம் கூடியிருக்கிறது. இப்போதே நிறுத்தினால் சரியாக வாய்ப்பிருக்கிறதாம். இடுப்புக்கு வேறு வைத்தியம் எழுதித் தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்கிறாள், "வேன்ல பக்கத்துல உள்ளவுக நீட்டுனா எப்படி வேணாம்னு சொல்ல?"

நீட்டுகிற கைக்கு விவரம் தெரியாதே.

நாளைக் காலை வேன் வரும்போது நானும் தெருமுனையில் நிற்பேன் மதினி. நீங்கள் எதனால் போனீர்கள் என்று உள்ளே இருக்கிற அத்தனை பெண்களிடமும் சொல்லுவேன். அண்ணன் கோபித்துக்கொள்ளட்டும். வருகிற மாப்பிள்ளை திரும்பிப் போனாலும் போகட்டும். பிள்ளை முதலில் உயிரோடு இருக்கட்டும். இது உங்களுக்குச் செய்துதருகிற சத்தியம்.

உங்களோடு சண்டை தீராத,
நாத்தனார்