இரண்டு சிறு கோடுகள்

ஜூன் 11, புதன்

இல்லை, தேசப்படத்தில் இல்லை. நான்கு வருடம் புவியியல் படித்தவள், எனக்குப் படம் பார்க்கத் தெரியும். அறைத்தோழி செல்வியின் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் உயரக் கோடுகள் மட்டும், நெருக்கமாக, சீப்பில் சிக்கிய மயிர் போல. பெயர் இல்லை.

காலையிலிருந்து மழை. எதிர்க் கட்டிலில் செல்வியின் போர்வை நேற்று மடித்தபடியே.

நடந்தது: நேற்றுச் செவ்வாய். கொழும்பு காலி வீதிப் புடவைக் கடையில் வேலை முடித்து, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனாள். தாய்க்கு இருமல், அதற்கொரு மெழுகுதிரி. திரும்பும்போது கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சோதனை. அவளிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அட்டை இல்லை. ஊர் கேட்டார்கள். மலை என்றாள். நாங்கள் இருக்கும் வெள்ளவத்தைப் பொலிஸுக்கு டெலிபோன் அடித்துக் கேட்டார்கள். அங்குள்ள படிவத்தில் யாழ்ப்பாணம். ஆகவே பொய் சொன்னவள், ஆகவே உள்ளே.

யாழ்ப்பாணம் என்று எழுதியது நான்.

மாசியில், யுத்தகாலச் சட்டப்படி, வீட்டில் தங்கியிருப்போர் விபரம் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கார ஆன்ட்டியின் கண்ணாடி உடைந்திருந்தது. நான் நிரப்பினேன். முதல் வரியில் என் பெயர், என் யாழ்ப்பாண முகவரி. இரண்டாவது வரி செல்விக்கு. நிரந்தர முகவரி?

"எங்க ஊருக்கு நம்பர், ரோடு ஒன்னும் இல்லக்கா. மேக்கணக்குன்னா தெரியும்."

தோட்டத்தின் மேல்பிரிவு, அதுதான் மேக்கணக்கு. அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. என் முகவரிக்கு நேர் கீழே இரண்டு சிறு கோடுகள் போட்டேன். மேற்படி.

அவ்வளவுதான். இரண்டு சிறு கோடுகள்.

ஜூன் 12, வியாழன்

கொட்டாஞ்சேனைப் பொலிஸ். மரவாங்கில் மூன்று மணிநேரம், ஆன்ட்டியும் நானும். செல்வியைக் காட்டவில்லை.

அதிகாரி இளம் ஆள், தடிமன், மூக்கைத் துடைத்தபடி இருந்தார். வெள்ளவத்தையிலிருந்து படிவம் வந்திருந்தது. கோடுகளின் மேல் விரலை வைத்துச் சிங்களத்தில் கேட்டார். "மேக்க லிவ்வே கவுத?" இதை எழுதியது யார்.

என் அடையாள அட்டை அவர் மேசையில். அதிலும் யாழ்ப்பாணம்.

"தன்னே நே" என்றேன். தெரியாது.

ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து முத்திரையோடு கடிதம் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார் அதிகாரி.

த்ரீவீலில்:

"நீ எழுதினதுதானே மகள்?"

"ஓம்."

"அப்ப ஏன்?"

"பயம், ஆன்ட்டி."

"பயம் எல்லாருக்கும் ஈக்குது. உள்ளுக்க ஈக்கிற புள்ளைக்கு இல்லையா?"

வாங்க வேண்டியது: சவர்க்காரம், ரயில் டிக்கட்.

ஜூன் 14, சனி

மேக்கணக்கு. நேற்று மாலை வந்து சேர்ந்தேன். விரல் விறைக்கிறது, எழுத்துக் கோணல்.

பஸ், ஸ்டோரோடு நிற்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்கிறார்கள். அதற்கு மேல் நடை. மூன்று மணிக்கே பனி இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை.

ஒரு லயம்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, எல்லாருக்கும் ஒரு பைப். சுவரில் ஈரம், கூரையில் புகைக்கரி. மின்சாரம் ஸ்டோர் வரைதான். மருந்து கீழ்க்கணக்கில். நடக்க முடியாதவரைக் கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிப் போவார்கள். சென்ற மாதம் ஒருத்தி அப்படிப் போகும் வழியிலேயே பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. இதைச் சொன்னவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

கடிதங்கள் ஆபீசில் கிடக்கும், யாராவது மேலே வரும்வரை. செல்வி சித்திரையில் எழுதியதை நேற்று என் கையில்தான் கொடுத்தார்கள்.

செல்வியின் அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டார்: "மகளுக்கு என்னாங்க?"

சுகம் என்றேன். வேலைக்கு ஒரு கடிதம் தேவை என்றேன்.

"வேல ஒசந்திருச்சுங்களா?"

தலையாட்டினேன். தலைதான் ஆடியது.

"ஏய் மாரி! எங்க செல்விக்குக் கடையில வேல ஒசந்திருச்சாம்டி!"

"அப்ப இனி நம்ம போனா சேல எடுத்துக் காட்டுவாளா, வெரட்டி விடுவாளா?"

லயம் முழுக்கச் சிரிப்பு. யாரோ ரொட்டி கொண்டு வந்தார்கள், இன்னொருவர் சம்பல். எல்லாம் எனக்கு. சாப்பிட்டேன்.

பிறப்புப் பதிவு? "அவ பொறந்தப்ப மழையில பாலம் அடிச்சிக்கிட்டுப் போயிருச்சுங்க. பதியப் போறதுக்குள்ள தோட்டத்துத் தொர மாறிட்டாரு. அப்புறம் யாரும் கேக்கல."

இன்று காலை பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை. ஆயாவின் பெட்டியில் பழைய வரவுக் கொப்பி, ஓரம் எலி தின்றது. செல்வி, தாயின் பெயர், பால்மா ஒரு டின். அவள் இங்கே இருந்தாள் என்பதற்கு வேறு எழுத்து எங்கும் இல்லை. கிளாக்கர் ஐயா அதைப் பார்த்துக் கடிதம் எழுதி முத்திரை குத்தினார்.

அம்மா ஒரு பொட்டலம் தந்தார். தேயிலைத்தூள். இருமல் இன்னும் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

கடிதம் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை வாசித்தார். கோடுகளைப் பற்றிக் கேட்கவில்லை.

மம தமய் லிவ்வே. நான்தான் எழுதினேன். ரயிலில் வழியெல்லாம் பாடமாக்கிய வசனம். வாயைத் திறந்தேன். டெலிபோன் அடித்தது. அவர் எடுத்தார். மூடிக்கொண்டேன்.

நாளை வரச் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

செல்வியை விட்டார்கள். அதே பாவாடை, அதே சட்டை. கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல.

கடையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: இனி வர வேண்டாம், பொலிஸ் தொல்லை.

செல்வி கட்டிலில் அமர்ந்து, அம்மா தந்த பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள்.

"அம்மாகிட்ட சொன்னீங்களாக்கா?"

"இல்லை. உனக்கு வேலை உயர்ந்திட்டுது எண்டு நினைக்கிறா. நான் மறுக்கேல்லை."

"அய்யய்யோ. லயமே பேசியிருக்கும்." சிரித்தாள், கொஞ்சம். பிறகு, "அந்த ரெண்டு கோட்டையும் எனக்கும் காட்டுனாங்க. யாரு போட்டதுன்னு ஒவ்வொரு நாளும் கேட்டாங்க. தெரியாதுன்னேன்."

"உண்மையிலேயே உனக்குத் தெரியாதே?"

"பக்கத்துலதான நின்னேன்."

மழைச் சத்தம். தண்டவாளப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"உங்க பேரச் சொன்னா நீங்களும் உள்ள வருவீங்க. அப்புறம் ஊருக்கு யாருக்கா போறது?"

ஜூன் 18, புதன்

மழை விட்டது. செல்வி காலை ரயிலில் போய்விட்டாள். வேலை பற்றி அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். போகிற வழியில் யோசிக்கிறேன் என்றாள்.

ஒருவர் வீட்டை விட்டுப் போனாலும் படிவம் கொடுக்க வேண்டும். ஆன்ட்டி கொண்டு வந்து நீட்டினார். "கண்ணாடி திருத்தியாச்சு. ஆனா நீயே எழுது மகள்."

போகும் இடம்: தோட்டத்தின் பெயர், மேக்கணக்கு, ஸ்டோருக்கு மேலே நடந்து, பைப்புக்குப் பக்கத்து லயம், நான்காவது காம்பரா. கட்டம் போதவில்லை. ஓரத்தில் தொடர்ந்தேன்.

எழுதியவர் பெயருக்கு இடமில்லை. கீழே என் பெயரை எழுதினேன். மாசியில் கொடுத்த படிவத்தை எழுதியதும் நானே என்று இன்னொரு வரி.

படிவத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு நடந்தேன்.