ஐந்தாம் தாளில் ஒரு சோற்றுப் பருக்கை

டத்தோ கிராமாட்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் இதையெல்லாம் பேசாதீங்கப்பா என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் கடிதம்.

உன் தம்பி சுகுமாரன் ராணுவ முகாமிலிருந்து விடுப்பில் வந்து பெட்டி அடுக்குகிறான். அமைதிப்படையோடு அந்தச் சண்டை நாட்டுக்குப் போகிறானாம். சும்மா ஜாலான் ஜாலான்தான்லாம்மா, ஊர் சுற்றிப் பார்த்துட்டு வந்துடுவேன் என்று அம்மாவைச் சிரிக்க வைக்கிறான். அவள் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுகிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் உங்கள் உளவுத்துறையில் நீ எழுதிய அறிக்கை மேலே போனது, நாற்பது பக்கம் என்றாய். பன்னிரண்டு மணிச் செய்தியில் நாட்டுத் தலைவர், எல்லா அறிக்கையையும் வரி விடாமல் படித்துத்தான் படையை அனுப்புகிறேன் என்கிறார். ஒரு மணி நேரத்திலா? எனக்குப் பேப்பர் படிக்கவே அரை நாள் ஆகிறது. ஆபத்து என்று எழுதினாயா என்று கேட்டேன். சாப்பிட்டீங்களாப்பா என்றாய். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் பிறை ஊர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, எங்கள் பெரிய அதிகாரி எல்லாக் கோப்பிலும் படித்ததாக 'சுடா பாச்சா' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை வெள்ள எச்சரிக்கைக் கோப்பில் நாலாம் தாளையும் ஐந்தாம் தாளையும் சோற்றுப் பருக்கையால் ஒட்டி அனுப்பினேன். 'சுடா பாச்சா'வோடு திரும்பி வந்தது. ஒட்டு பிரியவேயில்லை. எச்சரிக்கை இருந்தது ஐந்தாம் தாளில். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. என்னோடு வேலை பார்த்த பிச்சைமுத்துவின் சின்ன மகள் தண்ணீரோடு போய்விட்டாள். மீதி அடுத்த தாளில்.

தாள் ஒட்டியிருந்ததே, பிரித்தாயா? என் கடிதத்துக்கெல்லாம் 'ஓகே பா' என்று மட்டும் பதில் போடுகிறாயே, உன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இந்த வரிக்கு வந்துவிட்டாய் என்றால், நீ படிக்கிறாய்.

படை கிளம்புமுன் புதன்கிழமைதான் கடைசிக் கூட்டமாம். உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். நாற்பது பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதேம்மா. எழுந்து நின்று வாயால் சொல். வேலை போனால் போகட்டும், உன் அறை இங்கே காலியாகத்தான் இருக்கிறது. பிச்சைமுத்து இன்றும் என்னைக் கோயிலில் பார்த்தால் நலம் விசாரிக்கிறார். என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

நீயும் தம்பியும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காத உன் அப்பா
ராமசாமி